உடையார்குடிக் கல்லும் நந்தினியின் கதையும்

ஒரு கொலையைப் பற்றிய செய்தி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் ஊர்க் கோயிற்சுவரில் நின்றுகொண்டிருக்கிறது. காட்டுமன்னார்கோயிலின் ஒரு பகுதியாகிய உடையார்குடியில் அனந்தீசுவரர் ஆலயம் இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 987-ஐ ஒட்டிய காலத்தில், அவ்வாலயத்தின் கருங்கற்சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டு அது. 1920-ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் துறைப் பட்டியலில் 577 என்ற எண்ணைப் பெற்றது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் அதனை ஆராய்ந்து ‘எபிகிராபியா இண்டிகா’வின் 21-ஆம் தொகுதியில் வெளியிட்டார். சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பதையும், கொன்றவர் இன்னார் என்பதையும் பெயர் சொல்லிக் கூறும் சான்று இதுவேயாம்.

‘பொன்னியின் செல்வன்’ 2022-இலும் 2023-இலும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, ஆதித்த கரிகாலனின் மரணத்தைப் பற்றித் தமிழகத்தில் வீட்டுக்கு வீடு வாதம் நடந்தது. நாவலை மூன்று முறை படித்தவர்களும், முன்னுரையைக்கூடப் படிக்காதவர்களும் சரிக்குச் சரியாக நின்று வாதிட்டனர். அத்தனை வாதங்களிலும் உடையார்குடிக் கல்லின் பேச்சு மிகக் குறைவாகவே எழுந்தது. நந்தினியின் பேச்சே மேலோங்கி நின்றது. இவ்வேறுபாடு சற்று நின்று எண்ணிப் பார்க்கத் தக்கது.

முதலில் கல் கூறுவதைக் கேட்போம். அரசனின் ஆணை ஸ்ரீவீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிப் பெருமக்களுக்கு, அதாவது ஊர்ச்சபையாருக்கு, எழுதப்பட்டிருக்கிறது. அச்சதுர்வேதிமங்கலமே இன்றைய காட்டுமன்னார்கோயில். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர் என்று சோமன், அவன் தம்பி பஞ்சவன் பிரமாதிராசன் எனப்பட்ட இரவிதாசன், இவர்தம் தம்பி இருமுடிசோழப் பிரமாதிராசன் எனப்பட்ட பரமேசுவரன் ஆகியோரை அவ்வாணை குறிக்கிறது. அதன்பின் ஒரு நீண்ட பட்டியல் தொடர்கிறது. இவர்களுடைய உடன்பிறந்தார், மக்கள், மனைவியர், தந்தை வழிப் பெரியோர், தாயுடன் பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமன்மார், இவர்கள் வீட்டுப் பெண்களை மணந்தவர்கள் என்று உறவுமுறைகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு, அவர்கள் எல்லாருடைய உடைமைகளும் பறிக்கப்பட வேண்டும் என்று கட்டளை பிறக்கிறது. அவ்வாறு பறிக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியை ஒருவன் பொன் கொடுத்து வாங்கி, தண்ணீருக்கும் அந்தணர் உணவுக்குமான அறக்கட்டளையாகக் கோயிலுக்கு எழுதிவைத்தான். உண்மையில் அக்கல் வெட்டப்பட்டது அந்த அறத்தை நிலைநிறுத்துவதற்கே. கொலைச் செய்தி நிலத்தின் வரலாறாக, பத்திரத்தில் முன்தொடர்பு எழுதுவதுபோல, இடையில் வந்து விழுந்திருக்கிறது.

கொலையுண்டவன் சுந்தர சோழனின் மூத்த மகன். குந்தவைக்கும் பின்னாளில் இராசராசனாகிய அருள்மொழிக்கும் தமையன். பாண்டியன் வீரபாண்டியனைப் போரில் வென்று அவன் தலையைக் கொண்டவன். ஏறத்தாழ 970-ஐ ஒட்டி அவன் வாழ்வு முடிந்தது. அவன் மரபினர் எழுதிவைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இதனை எப்படிக் கூறுகின்றன தெரியுமா? வானுலகைக் காணும் விருப்பத்தால் அவன் மறைந்தான் என்று ஓர் அழகிய வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. கொலை என்ற சொல்லே அங்கு இல்லை. அரசவைப் புலவனின் நாகரிகம் மறைத்ததை நிலக்கணக்கு எழுதிய ஊர்க்கணக்கன் வெளியிட்டுவிட்டான். வரலாற்றில் இது புதுமையன்று. பெரும்பாலும் உண்மை கணக்குப் புத்தகத்தின் வழியாகவே நம்மிடம் வந்து சேர்கிறது.

ஆனால் கணக்கன் தனக்கு வேண்டியதை மட்டுமே எழுதினான். ஏன் கொன்றார்கள் என்று அக்கல் கூறவில்லை. எங்கே, எவ்வாறு என்றும் கூறவில்லை. கொன்றவர்களின் உயிர் என்னவாயிற்று என்பதும் அதில் இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் பேராசிரியர் கல்கி நுழைந்தார்.

‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1954 வரை அக்கதை தொடர்ந்து வந்தது. அதன் முதற்காட்சியே எங்கள் ஏரிக்கரையில் அமைந்தது என்பது இப்பகுதி மக்களுக்கு இன்றளவும் பெருமை. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரியின் கரைமீது வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் விருதுப் பெயரால் அமைந்த அவ்வேரியையே நாம் வீராணம் என்று வழங்குகிறோம். வடவாற்றின் வழியே கொள்ளிடத்து நீரைப் பெற்று நிரம்பும் அவ்வேரியை அடுத்தே லால்பேட்டையும் அதன் மதரஸாவும் இருக்கின்றன. கதையில் வரும் விண்ணகரக் கோயிலும் இவ்வூர்க் கோயிலே. கடம்பூர் மாளிகையைக் கல்கி அமைத்த இடமும் இவ்வட்டாரத்து ஊர்தான். ஆகவே அந்நாவலைப் படிக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் அதனைக் கதையாகப் படிப்பதில்லை. தம் ஊர்ச் செய்தியாகவே படிக்கிறார்கள். கொலை கடம்பூரில்தான் நடந்தது என்று உறுதியாகச் சொல்லும் பெரியவர்கள் இங்கு உண்டு. கல்லில் கடம்பூர் இல்லை என்றால், கல்லின்மேல்தான் ஐயம் கொள்வார்கள்.

கல்கி கல்லை அறியாதவர் அல்லர். சதிகாரர்களுக்கு அவர் சூட்டிய இரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்ற பெயர்கள் அக்கல்லிலிருந்தே வந்தன. அவர் சேர்த்தது நந்தினியை. இளமையில் கரிகாலன் விரும்பிய பெண். அவள் மன்றாடியும் கேளாமல் அவள் கண்முன் வீரபாண்டியனின் தலையை அவன் வெட்டுகிறான். அவள் பழி வாங்கச் சூளுரைத்து, முதியவராகிய பெரிய பழுவேட்டரையரை மணந்து, சோழ அரண்மனைக்குள்ளேயே நஞ்சாக வாழ்கிறாள். அவளை மறக்க முடியாமல் கரிகாலன் தன் சாவை நோக்கித் தானே நடந்து வருகிறான். அன்பும் வஞ்சமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் இவ்விருண்ட காதற்கதையே அந்நாவலின் உயிர்நாடி. வந்தியத்தேவனின் குறும்புகளை மறந்தவர்கள்கூட நந்தினியை மறக்கவில்லை. ஓவியர் மணியம் வரைந்த அந்தப் பக்கக் கொண்டை முகம், தொடர்கதைத் தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த தொகுப்புகளில் இருந்து ஒரு தலைமுறையையே பார்த்துக்கொண்டிருந்தது. நாவல் படிப்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் விரும்பாத காலம் அது. ஆயினும் அத்தொகுப்புகள் நம் வீட்டுப் பரண்களிலும் இருந்தன. யார் வைத்தார்கள் என்று கேட்டால்தான் விடை கிடையாது.

வாசகர்கள் சினந்தது திரைப்படத்தின்மேல் மட்டுந்தான் என்று எண்ணவேண்டாம். 1954-இல் கதை முடிந்தபோதே அவர்கள் கல்கியின்மேல் மனக்குறை கொண்டனர். இன்னார் என்ன ஆனார், இன்னாருக்குத் திருமணம் ஆயிற்றா என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. அதனால் கல்கி ஒரு முடிவுரையே எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வை விளக்க வேண்டியதாயிற்று. கொலை செய்த கை எது என்பதை மட்டும் அவர் ஐயத்திலேயே விட்டார். பழி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறிக்கொண்டே போகிறது. கொலை நடந்த இரவுக்குப் பின் நந்தினியும் கதையிலிருந்து மெல்ல மறைந்துபோகிறாள். கல் உறுதியாகச் சொன்ன ஒன்றை நாவல் புதிராக்கியது. வாசகர்களும் எழுபது ஆண்டுகளாக அப்புதிரையே விரும்பி விடுவித்துக்கொண்டிருக்கிறார்கள். பின்வந்த எழுத்தாளர்களும் சும்மா இருக்கவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். காலச்சக்கரம் நரசிம்மா ‘சங்கதாரா’வில் ஐயத்தைக் குந்தவையின் பக்கமே திருப்பினார், அதைப் படித்துக் கொதித்த வாசகர்கள் பலர்.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். எம்.ஜி.ஆர். 1958-இலேயே எண்ணி நிறைவேறாமல் போன முயற்சியை மணிரத்தினம் முடித்தார். முதற்பாகம் 2022 செப்டம்பர் 30-லும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-லும் வெளிவந்தன. முன்னோட்டம் வெளியானபோதே கரிகாலன் நெற்றியில் திருநாமம் இருக்கலாமா, திருநீறல்லவா இருக்கவேண்டும் என்று வழக்கறிஞர் ஒருவர் அறிவிப்பு அனுப்பினார். முதற்பாகத்தை மக்கள் கொண்டாடினர். புத்தகக் கடைகளில் நாவல் மீண்டும் குவிந்தது. இரண்டாம் பாகத்தில்தான் நாவல் வாசகர்களின் பொறுமை கலைந்தது. கடம்பூர் மணிமேகலை எங்கே என்று கேட்டனர். சேந்தன் அமுதனுக்கு உரிய முடி எங்கே என்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, கரிகாலன் நந்தினியின் கையிலிருந்த கத்திக்குத் தன்னைத் தானே ஒப்புக்கொடுப்பதாகவும், பின்னர் அவள் நீரில் மூழ்கி மறைவதாகவும் காட்டியதை அவர்களால் ஏற்க முடியவில்லை. ‘இது வரலாற்றைத் திரித்தல்’ என்பதே அவர்கள் அடிக்கடி கூறிய குற்றச்சாட்டு.

வரலாற்றை என்றார்கள், கல்கியை என்று கூறவில்லை. ஒரு படைப்பாளி பெற்ற வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் நியாயத்தைச் சொல்லவேண்டும். இல்லாத ஒரு பெண்ணின் சாவை ஓர் இயக்குநர் மாற்றினால் அதனால் வரலாறு சிதைவதில்லை. கலை என்ற அளவில் நோக்கினால், உயிர்மேல் வெறுப்புற்றவனாகவே கல்கியும் கரிகாலனைக் காட்டியிருக்கிறார். திரைப்படம் அவ்விதையை முளைக்க விட்டது, அவ்வளவே. அம்முடிவு எனக்கு உடன்பாடானதே. மணிமேகலையை நீக்கியதுதான் குறை. சூதறியாத அப்பெண் இல்லாத கடம்பூரில் இருட்டின் கருமை தெரிவதில்லை.

உண்மையான வரலாற்று வழக்கு வேறிடத்தில் கிடக்கிறது. கொன்றவர்களை நாவலும் படமும் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளாக, சுடுகாட்டில் சபதம் செய்யும் அந்நியராகக் காட்டுகின்றன. இரவிதாசன் பெற்ற பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டத்தில் பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்; அதுவே இக்கருத்துக்குப் பிடிமானம். ஆனால் அவன் தம்பி பரமேசுவரனின் பட்டமோ இருமுடிசோழப் பிரமாதிராசன்; அது சோழப் பெயர் தாங்கிய பட்டம். பிரமாதிராசர் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசர் வழங்கிய சிறப்புப் பெயர். அப்படியாயின் அவர்கள் அரசின் உள்ளேயே இருந்த உயர் அலுவலர்கள். அந்நியன் ஒருவன் காதலுக்காகவும் பழிக்காகவும் கொன்றான் என்பது கேட்க இதமான கதை. அரசின் சோற்றை உண்டவர்களே கொன்றார்கள் என்பது அவ்வளவு இதமாக இராது.

யார் தூண்டினார்கள் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. கரிகாலனுக்குப் பின் அரியணை ஏறியவன் சிற்றப்பன் முறையாகிய உத்தம சோழன். அவன் ஆட்சிக்காலம் முழுவதும் கொலையாளிகள் தண்டனை பெறவில்லை எனத் தோன்றுவதாலும், அரியணைமீது அவனுக்கு ஆசை இருந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு குறிப்பதாலும் நீலகண்ட சாஸ்திரியார் அவன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். குடவாயில் பாலசுப்பிரமணியன் அக்கல்லை மீண்டும் படித்து, இரண்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது முன்பே பறிக்கப்பட்ட நிலத்தின் விற்பனையே என்றும், ஆதலால் உத்தம சோழன்மேல் சுமத்திய பழி நிற்காது என்றும் முடிவு கண்டார். கல் ஒன்று, படித்தவர் மூவர், தீர்ப்பும் மூன்று. ஆயினும் அவர்கள் மூவரும் ஒரே கல்லை முன்வைத்து வாதிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

செய்தி ஒன்றைக் கேட்டால் அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என்று சங்கிலி பிடித்துச் செல்லும் பழக்கம் நம் முன்னோர்களுடையது. கதை சொல்வோரின் மிகைகளைக் கண்டு வருந்திய இப்னுல் ஜவ்ஸி பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவ்வளவு எச்சரிக்கை கொண்ட சமுதாயத்திலும் கதை தன் வேலையைச் செய்யாமல் விடவில்லை என்பதற்கு ஜுலைகாவே சான்று. திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தில் அப்பெண்மணிக்குப் பெயர் இல்லை. அஜீஸின் மனைவி என்பதோடு வேதம் நிறுத்திக்கொள்கிறது. வரலாற்றாசிரியர் தபரி ராயீல் என்றொரு பெயரைக் குறித்தார். அப்பெயர் ஏட்டோடு நின்றது. கதை சொன்னவர்களும் கவிஞர்களும் வழங்கிய ஜுலைகா என்ற பெயர் உலகெங்கும் பரவியது. பாரசீகத்தில் ஜாமி 1483-இல் பாடிய காவியத்தில் அவள் கனவில் யூசுபைக் கண்டு மயங்கி, காத்திருந்து முதுமையடைந்து, பார்வையும் இழந்து, மீண்டும் இளமை பெற்று அவரை மணக்கிறாள். நம் தமிழில் கூத்தாநல்லூர்க் கவிஞர் சாரணபாஸ்கரன் ‘யூசுப் ஜுலைகா’வைக் காப்பியமாக்கி 1957-இல் தந்தார். பொன்னியின் செல்வன் தொடராக முடிந்த மூன்றாம் ஆண்டு அது. ஒரே காலத் தமிழ் வாசகர்களின் கைகளில் நந்தினியும் ஜுலைகாவும் இருந்தார்கள் என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறான வாசகர்களும் இருந்திருக்கிறார்கள். காரிஜிய்யாக்களில் அஜாரிதா என்னும் பிரிவினர், காதற்செய்தி ஒன்று வேதத்தில் இடம்பெறாது என்று கூறி யூசுப் அத்தியாயத்தையே ஏற்க மறுத்தனராம். இதனை ஷஹ்ரஸ்தானி தம் ‘அல்மிலல் வந்நிஹல்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். கதையை விரும்பிச் செய்தியை மறந்தவர் ஒரு புறம். கதை போலத் தோன்றிற்று என்பதற்காகச் செய்தியையே தள்ளியவர் மறு புறம். நம் மார்க்க அறிஞர்கள் இரண்டையும் ஏற்கவில்லை. காவியத்தைக் காவியம் என்று படிக்க இடம் கொடுத்து, அதிலுள்ளதை வேதத்தின்மேல் ஏற்றாதபடி காத்துக்கொண்டனர். உடையார்குடிக் கல்லுக்கு அப்படி ஒரு காவல் இல்லாமற் போயிற்று.

அதனால் இழந்தது என்ன? கல்லில் ஒரு பெண்ணின் பெயரும் உண்டு. உடைமை பறிக்கப்பட்டவர்களில் மலையனூரைச் சேர்ந்த ரேவதாசக் கிரமவித்தன் என்பவனும் அவன் மகனும் குறிக்கப்படுகிறார்கள். அவர்களோடு அவன் தாய் பெரிய நங்கைச் சாணியின் பெயரும் வருகிறது. மகனும் பேரனும் உடைய முதியவள். அரசனைக் கொல்லும் சதியில் அவளுக்குப் பங்குண்டு என்று கல் கூறவில்லை. உறவு என்ற ஒன்றே அவள் பெயரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அவளைப் போலவே பெயர்கூடச் சொல்லப்படாத மனைவியரும், மகள்களை மணந்தவர்களும், பெண் கொடுத்த குற்றத்துக்காக நிலம் இழந்த மாமன்மாரும் அப்பட்டியலில் இருக்கிறார்கள். கொலை நடந்து ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட கல் அது. இடையில் பிறந்த குழந்தைகளும் அவ்வீடுகளில் இருந்திருப்பார்கள். அரசியற் கொலைக்குப் பின் ஒரு குலம் முழுவதும் பழி சுமப்பது எக்காலத்திலும் நடப்பதே. நடந்ததைக் கல்லில் எழுதிக் கையளிக்கும் வாய்ப்புத்தான் அரிது.

நந்தினி வாழ்ந்ததில்லை. எழுபது ஆண்டுகளாக அவளுக்காக இரங்கியவர்கள் பல்லாயிரம் பேர். திரையில் அவள் முடிவை மாற்றியதற்காகச் சண்டையிட்டவர்களும் பலர். நங்கைச் சாணியோ உடையார்குடிக்கு அருகில் எங்கோ நெல் அளந்து, பேரனை மடியில் வைத்து வாழ்ந்தவள். அவளுக்காக இரங்கிய வாசகர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. கடம்பூரையும் ஏரிக்கரையையும் காண வருகிறவர்கள் நாவலின் வழித்தடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அனந்தீசுவரர் கோயிற்சுவரின் எழுத்து அவர்கள் கண்ணில் படுவதில்லை. சுட்டிக்காட்டினாலும், நந்தினி என்ற சொல் எங்கே இருக்கிறது என்றே முதலில் தேடுகிறார்கள்.